வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி

போன வாரம் என்னோட பழைய பிரவுசிங் கடைப் பக்கம் போயிருந்தேன். கண்ணுல புரை வந்ததிலேர்ந்து கடைய கைமாத்தி விட்டாச்சு. ஆனாலும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டு அங்க எட்டிப் பாக்காம போக எனக்கு கால் வராது. இப்ப கடைய நடத்துற பொண்ணு ஜம்முன்னு உக்காந்திருக்குது. ஒரு ஆளு வந்து, "மேடம், இதுல நான் பாத்ததெல்லாம் அழிச்சி குடுங்க"ன்னு போனை நீட்டினான். இது ஒரு வார்த்தை கேக்கல. டக்கு டக்குன்னு தட்டி, "ஆச்சுண்ணா"ன்னு குடுத்துடுச்சி. அவனும் சந்தோஷமா போயிட்டான். வேகம்னா வேகம், அப்படி ஒரு வேகம்! நானோ குடிச்சிக்கினு இருந்த டீயை அப்படியே கீழ வெச்சிட்டேன்.

அந்தப் பொண்ணு மேல தப்பு சொல்லல. நல்ல பொண்ணு. ஆனா அது செஞ்சது நம்ம தொழில்ல பாதி வேலைதான். மீதி பாதிய யாரும் சொல்லித் தரல. அதனாலதான் இதை எழுதறேன். செஞ்சியைச் சுத்தி புதுசா பிரவுசிங் சென்டர், இ-சேவைன்னு கடை போட்டிருக்கிற புள்ளைங்க எல்லாரும் படிங்க. சர்டிபிகேட் எப்படி எடுக்கறது, விண்ணப்பம் எப்படி போடறதுன்னு நான் ஆரம்பிக்கப் போறதில்ல. அதெல்லாம் உங்களுக்கு என்னவிட நல்லாவே தெரியும். எதிர்ல வந்து நிக்கிற ஆளு எதுக்கு பயப்படறான்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். அதுல நான் கெட்டிக்காரி. தற்பெருமைன்னு நெனச்சா நெனச்சிக்குங்க, எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போயிடாது.

மொதல்ல ஒரு சின்ன சமாச்சாரம் சொல்லிடறேன். நான் கடை போட்ட புதுசு. பிளைவுட் தடுப்பு அடிச்ச சின்னச் சின்ன அறை, அறைக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரு நாளு கடைத் தெருவுல நல்ல பேரு இருக்கிற பெரிய மனுஷர் ஒருத்தரு வந்து ரொம்ப நேரம் என்னமோ பாத்துட்டு எழுந்தாரு. வாசல்ல செருப்பு மாட்டிக்கினு இருக்காரு. அதுக்குள்ள அதே சீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு உக்காந்து, ரிசல்ட் பாக்கறதுக்கு மொத எழுத்தை தட்டியிருக்குது. அவ்வளவுதான். அவரு தேடினதெல்லாம் பொலபொலன்னு கீழ எறங்கி வந்துடுச்சி. எல்லாம் மூலம் சம்பந்தப்பட்டது. உக்கார முடியலன்னா இன்னா பண்றது, கருணைக்கிழங்கு எப்படி சாப்பிடறது, இந்த மாதிரி. அந்தப் பொண்ணு ‘கெக்கெக்கே’ன்னு சிரிச்சிடுச்சி. பாவம், அதுவும் சின்னப் பொண்ணுதான! அவரு திரும்பிப் பாத்தாரு. அந்த மூஞ்சிய நான் இன்னும் மறக்கல. அதுக்கப்பறம் அவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போவணும்னா கூட ரோட்டத் தாண்டி அந்தாண்டப் பக்கமாத்தான் போவாரு.

அன்னியிலேர்ந்து நான் ஒரு பழக்கம் வெச்சிக்கினேன். ஆளு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி அவங்க கையாலயே அழிக்க வெப்பேன். நான் பாக்க மாட்டேன். கம்ப்யூட்டருக்குப் பின்னாடி போய் நின்னுக்குவேன். "மேல ஓரத்துல மூணு புள்ளி தெரியுதா? அத தொடு. ஹிஸ்டரின்னு இருக்குதா? அத தொடு"ன்னு வாயாலயே சொல்லுவேன். எல்லா எடமும் எனக்கு மனப்பாடம். பக்கத்து டீக்கடைக்காரரு, "இன்னாக்கா, திரைக்குப் பின்னாடி நின்னு குறி சொல்றியா?"ன்னு கிண்டல் பண்ணுவாரு. "ஆமாய்யா, உனக்கும் சொல்லட்டுமா?"ன்னு கேட்டா வாய மூடிக்குவாரு.

அப்பறம் எல்லார் கைக்கும் போன் வந்துச்சி. கடையில கூட்டம் கொறஞ்சிடும்னு பயந்தேன். கொறையல. போனை எடுத்துக்கினு வர ஆரம்பிச்சாங்க. இங்கதான் நம்ம ஊருக்குன்னே ஒரு பழக்கம் இருக்குது, உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி. எப்பவோ ஒரு சர்டிபிகேட்டுக்காக வீட்டுப் பெரிய ஆம்பளை நம்பர்ல ஒண்ணு போட்டிருப்பாங்க. அப்பறம் தம்பி போன் வாங்குவான், அதுலயும் அதே ஐடி. தம்பி பொண்டாட்டிக்கு ஒரு போன் வரும், அதுலயும் அதே ஐடி. "ஏம்மா, உனக்குன்னு ஒண்ணு போட்டுக்கலாமே"ன்னா, "இன்னாத்துக்குக்கா, அதான் வீட்டுக்கு ஒண்ணு இருக்குதே"ன்னுவாங்க. தனியா ஐடி கேட்டா தனிக்குடித்தனம் கேட்ட மாதிரி பாப்பாங்க.

ஒரே தொட்டியிலேர்ந்து மூணு குழாய் போட்டா, தொட்டியில சாயம் கலந்தா மூணுலயும் சாயத் தண்ணிதான் வரும். ஒரு ஐடிய மூணு போன்ல போட்டாலும் அதே கதைதான். ஒருத்தன் தேடினது மூணு போன்லயும் வந்து நிக்கும். ஒருத்தன் அழிச்சா மூணுலயும் அழியும். இதை ஞாபகம் வெச்சிக்கினு மேல படிங்க.

நான் கடையில இருந்தப்ப ஒருத்தன் வந்தான், அவன் பேரு ஏழுமலைன்னு வெச்சிக்குவோம். ஊரு வல்லம் பக்கம்னு வெச்சிக்குவோம். சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், ஆனாலும் நெசப் பேரு என் வாயிலேர்ந்து வராது.

மல்லாட்டை சீசன், வேர்க்கடலை வந்து எறங்குற நேரம். நெல்லு, மல்லாட்டை எல்லாம் எறக்குற கமிட்டி பக்கம் வண்டி வரிசை கட்டி நிக்குது. மத்தியான நேரம், கடையில யாருமில்ல. சாப்பாட்டு டப்பாவைத் தொறந்தேன், உள்ள வந்துட்டான். முப்பது வயசுக்கு மேல இருக்கும். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி.

"அக்கா, போன் ரிப்பேர் பாப்பீங்களா?"

"ரிப்பேருக்கு எதிர்க் கடை தம்பி. இன்னா கோளாறு?"

"அழிய மாட்டேங்குதுக்கா."

"எது?"

சுத்தும் முத்தும் பாத்தான். "நான் தேடறது. முன்னல்லாம் தானா போயிடும். இப்ப போவ மாட்டேங்குது. அப்படியே நிக்குது."

"தானா போயிடுமா?"

"ஆமாக்கா. இன்னிக்கு எதனா தேடினா, மறுநாளு பாத்தா இருக்காது. ரொம்ப மாசமா அப்படித்தான். நல்ல கம்பெனி போனுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. இத்தனை வருஷத்துல தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கிற போனை நான் பாத்ததில்ல. தானா அழியற மாதிரி செட்டிங் ஒண்ணு வெச்சிக்கலாம்தான். ஆனா அதை எங்க தொட்டு வெக்கணும்னே இந்த ஆளுக்குத் தெரியல. சிரிச்சேனே தவிர, ‘இது இன்னா சங்கதி’ன்னு மண்டைக்குள்ள ஒரு ஓரத்துல போட்டு வெச்சிக்கினேன்.

அதுக்குள்ள அவன் பையிலேர்ந்து இன்னொரு போனை எடுத்து டேபிள் மேல வெச்சான். சின்ன போன். பின்னாடி பூப்போட்ட கவர். ஆஃப் ஆகிக் கெடந்துச்சி.

"இதையும் மொத்தமா காலி பண்ணி குடுங்கக்கா. அண்ணன் பொண்ணுக்கு குடுக்கணும்னு அம்மா சொல்லுச்சி."

"இது யாரோடது?"

"வீட்டுலதுக்கா."

"வீட்டுலன்னா? உன் பொண்டாட்டியோடதா?"

"ஆமா."

"அவ எங்க?"

"மேல்சித்தாமூர்ல. அவங்க அம்மா வீட்டுல."

"எப்ப வருவா?"

சட்டைத் தூசியைத் தட்டிக்கினான். நான் அந்தப் பூப்போட்ட போனை ஒரு விரலால அவன் பக்கமே தள்ளி விட்டேன். "இதை நான் தொட மாட்டேன் தம்பி. அவ வரட்டும், அவ சொல்லட்டும், அப்ப பாக்கலாம்."

"நான்தானேக்கா வாங்கிக் குடுத்தேன்?"

"பொடவையும்தான் வாங்கிக் குடுத்திருப்ப. அதையும் எடுத்து அண்ணன் பொண்ணுக்கு கட்டி விட்டுடுவியா?"

தலையைக் குனிஞ்சிக்கினான். இந்த எடத்துல உங்கள்ல பாதி பேரு அந்த போனை வாங்கி காலி பண்ணியிருப்பீங்க, எனக்குத் தெரியும். கஸ்டமர் சொல்றாரு, கையில போன் இருக்குது, நமக்கு இன்னான்னு. போன் யார் கையில இருக்குதுன்னு பாக்காதீங்க. அதுக்குள்ள யாரோட வாழ்க்கை இருக்குதுன்னு பாருங்க. அந்த ஆளு எதிர்ல இல்லன்னா கைய எடுத்துடுங்க. சண்டைக்கு வந்தாலும் வரட்டும். எங்கிட்ட எத்தனையோ பேரு சண்டைக்கு வந்திருக்காங்க. அப்பறம் அவங்களே மறுபடி வந்திருக்காங்க.

"சரி, உன் போனுக்கு வா"ன்னேன். "யாரு கண்ணுல படக்கூடாதுன்னு பயப்படற? போலீஸ் சமாச்சாரம்னா இப்பவே சொல்லிடு."

"அய்யோ, போலீஸ் இல்லக்கா. டாக்டர் சமாச்சாரம்."

அப்பறம் தண்ணி கேட்டான். குடுத்தேன். குடிச்சிட்டு கொஞ்சம் கொஞ்சமா சொன்னான். கல்யாணமாகி நாளாச்சு, கொழந்தை இல்ல. வீட்டுல எல்லாரும் அவன் பொண்டாட்டியத்தான் சொல்லுவாங்க. அவ பேரு ரேவதின்னு வெச்சிக்குவோம். அவன் யாருக்கும் தெரியாம பாண்டிச்சேரி போய் டெஸ்ட் எடுத்திருக்கான். குறை அவன்கிட்டதான். அதை யார்கிட்டயும் சொல்லல, ரேவதிகிட்டயும் சொல்லல. போன்ல மட்டும் தேடித் தேடிப் பாத்திருக்கான். அதுக்குள்ள அவங்க அம்மா, ‘அவள கொண்டு போய் விடு, வேற பாக்கலாம்’னு முடிவு பண்ணிடுச்சி. திருவண்ணாமலையில ஒரு எடம் பேசி வெச்சிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கப் போறாங்களாம்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்! டப்பாவைத் தூக்கி அடிச்சிருப்பேன். அந்தப் பொண்ணு செய்யாத குத்தத்துக்கு அம்மா வீட்டுல போய் உக்காந்திருக்குது, இவன் போன் அழியலன்னு ரிப்பேருக்கு வந்திருக்கான். ஆனா நம்ம கடை பஞ்சாயத்து பண்ற எடம் இல்ல. கோவத்தை முழுங்கிக்கினு, "இப்ப ஏன் அவசரம்?"னு கேட்டேன்.

"நேத்து அண்ணன் பொண்ணு வந்து, ‘சித்தப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லயா?’ன்னு கேக்குது. அண்ணன் போன்ல பாடம் படிக்கறப்ப நான் தேடினது அதுல வந்திருக்குது. அதுக்கு ஒண்ணும் புரியல, கொழந்தை. ஆனா அண்ணன் பாத்துட்டா? அண்ணன் கமிட்டியிலதான் இருக்காரு. மூட்டை எடை போட்டதும் வந்துடுவாரு. அதுக்குள்ள அழிச்சி குடுங்கக்கா."

அழிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? கண்ணைச் சிமிட்டற நேரம். ஆனா அந்த ‘தானா போயிடும்’ங்கறது எனக்கு உறுத்திக்கினே இருந்துச்சி. இதுவரைக்கும் அழிஞ்சது இப்ப மட்டும் ஏன் அழியல? காரணம் தெரியாம அழிச்சா நாளைக்கே மறுபடி வந்து நிக்கும். நான் எழுந்து டேபிளுக்கு அந்தப் பக்கம் போய் நின்னேன். "போனை உன் பக்கமே வெச்சிக்க. எனக்குக் காட்டாத. நான் சொல்ற எடத்தைத் தொடு"ன்னு சொல்லி, அந்த ஐடி எந்தெந்த போன்ல இருக்குதுன்னு காட்டற எடத்துக்கு மொதல்ல கொண்டு போனேன். படிச்சான். அண்ணன் போன், அவன் போன், இந்தப் பூப்போட்ட போன். நான் நெனச்சதேதான், வீட்டுக்கு ஒரு ஐடி.

அப்பறம் தேடினதெல்லாம் இருக்கிற எடத்துக்குப் போகச் சொன்னேன்.

"தேதி மட்டும் படி. விஷயம் வேணாம்."

"நேத்து இருக்குதுக்கா. முந்தா நாளு இருக்குது."

"கீழ போ."

"அதுக்கு முன்னாடி இருக்குது. அதுக்கும் முன்னாடி இருக்குது. நெறைய இருக்குதுக்கா."

"போய்க்கினே இரு. எதுல போய் முடியுது?"

கொஞ்ச நேரம் விரலால தள்ளிக்கினே இருந்தான். "அமாவாசை வரைக்கும் இருக்குது. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லக்கா. வெறுமனே இருக்குது."

"அதுக்கு முன்னாடி நீ தேடவே இல்லயா?"

"தேடினேனே! தெனம் தேடினேன்."

"சரி, அமாவாசை அன்னிக்கு இன்னா விசேஷம்?"

போனையே பாத்துக்கினு இருந்தான். அப்பறம் சொன்னான். "அன்னிக்குத்தான் அவள கொண்டு போய் விட்டேன். மேல்மலையனூர் கோயிலுக்குப் போற அமாவாசைக் கூட்டம், பஸ்ஸுல உக்கார எடமே இல்ல. நின்னுக்கினே போனோம்."

எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சி போச்சு. உங்களுக்கும் புரிஞ்சிருக்கும். அவனுக்குத்தான் புரியல. இங்க நான் ஒரு மூச்சு யோசிச்சேன். அந்த வெத்து எடத்துல இருக்கறது இவனோட ரகசியம் மட்டும் இல்ல, ரேவதியோட ரகசியமும்தான். அதை நான் போட்டு ஒடைக்கலாமா? கூடாது. ஆனா மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லலாம், அது என் தொழில். அதை மட்டும் சொன்னேன்.

"தம்பி, எந்த போனும் நீ செட்டிங் ஒண்ணும் வெக்காம தானா அழிக்காது. யாராவது தொட்டு அழிச்சாத்தான் அழியும். மூணு போன்ல எதுல அழிச்சாலும் மூணுலயும் போயிடும். நீ அழிக்கல. உங்க அண்ணன் பாத்திருந்தா?"

"சத்தம் போட்டு ஊரைக் கூட்டியிருப்பாரு."

நான் அதுக்கு மேல பேசல. அவன் கண்ணு மெதுவா டேபிள் மேல இருந்த அந்தப் பூப்போட்ட போனுக்குப் போச்சு. கைய நீட்டினான், ஆனா அதைத் தொடல. கைய அது பக்கத்துல ஓரமா வெச்சிட்டான்.

"தெரியுமாக்கா அவளுக்கு?"ன்னான். என்னைக் கேக்கல, சும்மா காத்துல கேட்டான். "அம்மா அவ்வளவு பேசுமே. எதிர்ல நின்னு ‘மலடி’ன்னு சொல்லுமே. ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாளே. உள்ள போய் போனை நோண்டிக்கினு உக்காந்திருப்பா. நான் கூட, ‘எந்நேரமும் இன்னா போனு’ன்னு திட்டியிருக்கேன்."

அழுதுட்டான். பெரிய ஆம்பளை, வாயைப் பொத்திக்கினு அழறான். எனக்கும் தாங்கல. அந்தப் பொண்ணை நான் அதுவரைக்கும் பாத்தது கூட இல்ல. தெனம் அடுப்பு வேலைக்கு நடுவுல, ஏச்சுப் பேச்சுக்கு நடுவுல, புருஷன் மானம் அண்ணன் போன்ல வந்து விழுந்துடக்கூடாதுன்னு உக்காந்து துடைச்சிருக்கா. அம்மா வீட்டுக்குப் போவும்போது போனையும் வெச்சிட்டுப் போயிட்டா. அன்னியோட துடைக்க ஆளில்ல.

அந்த நேரம் பாத்து வாசல்ல செருப்புச் சத்தம். அண்ணன்காரன் வந்துட்டான். நல்ல உயரம், தோள்ல துண்டு, கொரலு பஸ் ஸ்டாண்டுக்கே கேக்கும்.

"இன்னாடா, மருந்துக் கடைக்குப் போறேன்னுட்டு இங்க வந்து குந்திக்கினு இருக்க? இன்னா, கண்ணெல்லாம் செவந்திருக்குது?"

ஏழுமலையோட போன் டேபிள் மேல தொறந்து கெடக்குது. அண்ணன் ரெண்டு எட்டு வெச்சா படிச்சிடலாம். இப்ப சொல்லுங்க, நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க? பட்டுனு அழிச்சிடுவீங்களா? ‘ரீசார்ஜுக்கு வந்தாரு’ன்னு பொய் சொல்லுவீங்களா? எல்லாம் எனக்கும் ஒரு கணம் தோணுச்சி. இன்னொண்ணும் தோணுச்சி, மறைக்க மாட்டேன். கம்முனு கைய கட்டிக்கினு நின்னா அண்ணன் படிச்சிடுவான், அந்தப் பொண்ணுக்கு நியாயம் கெடைச்சிடும். நல்ல காரியம்தான். ஆனா அது என் காரியம் இல்ல. அடுத்தவன் ரகசியத்தை நல்லதுக்குக் கூட நாம செலவு பண்ணக் கூடாது. அப்படி ஒரு வாட்டி பண்ணிட்டா அப்பறம் நம்மள நம்பி யாரும் கடைக்குள்ள கால் வெக்க மாட்டாங்க.

என் உள்ளங்கையை விரிச்சி அந்த போன் மேல வெச்சி மூடினேன். அண்ணனைப் பாக்கவே இல்ல. ஏழுமலையைப் பாத்து, "அழிக்கட்டுமா, வேணாமா? உன் போனு. நீ சொல்லு"ன்னேன்.

"இன்னாத்த அழிக்கறது?"ன்னான் அண்ணன்.

"உங்கள கேக்கல"ன்னேன்.

ஏழுமலை மூக்கை உறிஞ்சிக்கினான். என் கையை, அப்பறம் அந்தப் பூப்போட்ட போனைப் பாத்தான். "அழிக்காதீங்கக்கா. இருக்கட்டும்"னான். நான் கைய எடுத்தேன். அவனே போனை எடுத்து அண்ணன் கையில குடுத்துட்டான்.

அண்ணனுக்கு எதையும் வாய்விட்டுப் படிச்சித்தான் பழக்கம் போல. பேப்பர் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டி ஆரம்பிச்சான். "ஆண்... விந்தணு... குறைவு... சரியாகுமா." அடுத்தது, "மல்லாட்டை சாப்பிட்டா கூடுமா." அடுத்தது, "டெஸ்ட் ரிப்போர்ட்... தப்பா வருமா." அப்பறம் கொரலு எறங்கிப் போச்சு. "மனைவியிடம்... எப்படி... சொல்வது." அதுக்கு மேல படிக்கல. கீழ தள்ளித் தள்ளிப் பாத்தான். கடைசி கேள்வியே திருப்பித் திருப்பி வந்திருக்கும் போல.

துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சிக்கினான். "இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"அவகிட்டயே சொல்லலண்ணா. உங்கிட்ட எப்படி சொல்றது?"

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. எல்லாம் தெரியும். தெரிஞ்சிக்கினுதான் நம்ம பேசனது எல்லாத்தையும் வாங்கிக்கினா."

 வெளிய கண்டக்டர் கூவிக்கினு இருந்தான். சத்தம் போடுவாரு, ஊரைக் கூட்டுவாருன்னு தம்பி பயந்தான் இல்ல, அந்த அண்ணன் போனை தம்பி சட்டைப் பையிலயே சொருகினான். "திருவண்ணாமலைக்காரங்களுக்கு நான் போன் பண்ணி சொல்லிக்கிறேன். அம்மாவையும் நான் பாத்துக்கிறேன். நீ பஸ்ஸைப் புடி"ன்னான். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "அந்தப் பொண்ணோட போனை எடுத்துக்கினு போடா"ன்னான். ஏழுமலை அதை ரெண்டு கையாலயும் எடுத்துக்கினு ஓடினான். என் சோறு ஆறிப் போயிருந்துச்சி, ஆனா அன்னிக்கு அது எனக்கு ருசியா இருந்துச்சி.

இப்ப வேலைக்கு வர்றேன். ஒருத்தர் வந்து அழிச்சி குடுங்கன்னா மூணு விஷயம் கேளுங்க. இந்த ஐடி வேற யாரு போன்ல இருக்குது? யாரு பாக்கக்கூடாதுன்னு நெனக்கிறீங்க? அழிச்சா அதனால வேற யாருக்காவது எதனா போவுமா? கேக்கறதுக்கு வாய் வலிக்காது. பல பேருக்கு ஹிஸ்டரி அழிக்கறது பிரச்சினையே இல்ல, தனியா ஒரு ஐடி போட்டுக் குடுத்தாலே முடிஞ்சி போச்சு. இன்னொண்ணு. மொத்தமா காலியா இருக்கிற போனும் பேசும், பாக்கத் தெரிஞ்சவனுக்கு. சந்தேகப் புருஷன் கையில போவப் போற போனை மொத்தமா தொடைச்சி அனுப்பாதீங்க. ‘எதை மறைச்ச?’ன்னு அதுக்கே ஒதை விழும். எதை எடுக்கணுமோ அதை மட்டும் எடுக்கச் சொல்லிக் குடுங்க.

பழைய கடையில இருக்கிற கண்ணு, உன்னைத்தான் கேக்கறேன். அன்னிக்கு நீ அழிச்சியே, அது அந்த ஆளோடது மட்டும்தானா? அவன் பொண்டாட்டி எதனா பாத்து வெச்சிருந்தா, பொண்ணு எதனா படிச்சி வெச்சிருந்தா, அதுவும் சேந்து போச்சோ இன்னாவோ. நீ கேக்கல, எனக்கும் தெரியல.

ஏழுமலை கதையில ஒரு மிச்சம் இருக்குது. கொஞ்ச நாள் கழிச்சி ரெண்டு பேரும் கடைக்கு வந்தாங்க. ரேவதிய அன்னிக்குத்தான் மொத மொதல்ல பாத்தேன். ஒல்லியா, சிரிச்ச மூஞ்சி. மாமியார் இன்னும் சரியா பேசறதில்லயாம், ஆனா ‘மலடி’ங்கற வார்த்தை வீட்டுல நின்னுப் போச்சாம். பாண்டிச்சேரிக்கு ரெண்டு பேரும் சேந்தே போய் வந்திருக்காங்க. டாக்டர் வைத்தியம் பண்ணிப் பாக்கலாம்னு சொல்லியிருக்காராம்.

"அக்கா, எனக்குன்னு தனியா ஒரு மெயில் ஐடி போடணும்"னா ரேவதி.

கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சேன். நான் வழக்கம் போல கம்ப்யூட்டருக்குப் பின்னாடி போய் நின்னுக்கினேன். "நீங்க பாத்தா பரவாயில்லக்கா"ன்னு சிரிச்சா. "நான் பாக்க மாட்டேன்மா"ன்னேன். ஒண்ணு ஒண்ணா சொல்லிக்கினே வந்தேன். கேக்கக் கூடாதுதான், ஆனா மனசு கேக்கல, மெதுவா கேட்டுட்டேன். "ஏம்மா, தெரிஞ்சப்பவே அவன்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

தட்டறத நிறுத்தல அவ. "நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அவரு அப்பறம் எப்பவுமே சொல்லியிருக்க மாட்டாருக்கா. அவரா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

பாஸ்வேர்டு போடற எடம் வந்துச்சி. அதுவரைக்கும் அவ சேருக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்த ஏழுமலை யாரும் சொல்லாமலே வெளிய போயிட்டான். வாசப்படியில பஸ் ஸ்டாண்டைப் பாத்துக்கினு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னான். ரேவதி என்ன போடலாம்னு நகத்தைக் கடிச்சிக்கினு யோசிச்சா.

"ஆச்சா?"ன்னான் வெளியிலேர்ந்து.

"இன்னும் இல்ல. திரும்பாதீங்க!"ன்னா இவ.

அவன் திரும்பல.